ஓதம் ஏறும் கரை

(நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏதேனும் ஒரு பயணம் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தார். காசியையும் காஷ்மீரத்தையும் கேட்டுப் பழகிய இந்த அவையில், நம்மவர் அதிகம் போகாத ஒரு சேற்றுக் கரையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அது குஜராத்தில் உள்ள கம்பாத் வளைகுடா. பழைய பூகோளப் புத்தகங்களில் காம்பே வளைகுடா என்று படித்திருப்பீர்கள். இந்தியாவிலேயே கடல்நீர் மிக உயர ஏறி மிகத் தாழ இறங்கும் கரை அதுதான்.

என்னை அங்கே இழுத்துச் சென்றது ஒரு சொல். ஓதம் என்னும் சொல். நெய்தல் திணைப் பாடல்களில் தோய்ந்தவர்களுக்கு இது புதிதன்று. கழியில் ஓதம் ஏறும். தலைவனின் தேர் வரும் வழி நீரில் மறையும். தோழி அதைக் காரணம் காட்டி அவனை இரவு தங்கிப்போகச் சொல்வாள். ஆழ்வார்கள் கடலையே ஓதம் என்று அழைத்துத் திருமாலின் நிறத்துக்கு ஒப்புச் சொல்வார்கள். அகராதியைப் புரட்டினாலோ கடல், அலை, வெள்ளம், ஈரம் என்று பொருள்கள் வரிசையாக வந்து நிற்கும். பொருள் இத்தனை கிடைத்தும் காட்சி கிடைப்பதில்லை. அதற்குக் காரணம் நம் கரைதான். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓத நாள்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். சரிந்த மணற்கரையில் ஒரு மீட்டர் என்பது கண்ணுக்குப் புலப்படாமலே போய்விடும். மீனவர்களுக்குத் தெரியும், கழிமுகங்களில் வாழ்பவர்களுக்குத் தெரியும், மாலையில் சுண்டல் தின்னப் போகும் நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாது. கம்பாத் வளைகுடாவின் மேற்குக் கரையில், பாவ்நகரை ஒட்டிய பகுதியில், பெரிய ஓத நாள்களில் அந்த வேறுபாடு பத்து மீட்டரைத் தாண்டுகிறது. மூன்று மாடி வீட்டின் உயரம் அது. நாளொன்றுக்கு இரண்டு முறை கடல் அந்த உயரத்துக்கு ஏறி, இரண்டு முறை இறங்குகிறது.

ஏன் அங்கே மட்டும் இப்படி? நிலவும் கதிரவனும் நீரை ஈர்ப்பது எல்லாக் கடலுக்கும் பொது. ஆனால் அந்த ஈர்ப்பால் எழும் நீர் எந்தப் பாத்திரத்துக்குள் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே ஏற்றத்தின் அளவு அமைகிறது. கம்பாத் வளைகுடா ஒரு புனல் போன்றது. தியூவுக்கும் தமணுக்கும் இடையே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் அகன்றிருக்கும் வாய், வடக்கே போகப் போக 24 கிலோமீட்டராகக் குறுகிவிடுகிறது. வெளியிலோ கண்டத் திட்டு மிக அகலமானது. கடல் நெடுந்தொலைவுக்கு ஆழமற்றது. அகலத்திலிருந்து குறுக்கத்துக்கும், ஆழத்திலிருந்து ஆழமின்மைக்கும் தள்ளப்படும் நீருக்கு மேலே எழுவதைத் தவிர வழியில்லை. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் பதினாறு மீட்டர் வரை நீர் ஏறுவதற்கும் இத்தகைய அமைப்பே துணை. அந்த வளைகுடாவைக் காண உலகமெங்கிருந்தும் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். கம்பாத்துக்கு அப்படி யாரும் போவதில்லை. இங்கே வருபவர்கள் வேலை தேடி வருகிறார்கள், அல்லது பாவம் தீர்க்க வருகிறார்கள்.

நான் முதலில் இறங்கிய ஊர் பாவ்நகர். 1723-இல் உருவான நகரம். காந்தியடிகள் இங்கிலாந்து செல்வதற்கு முன் இங்குள்ள சாமள்தாஸ் கல்லூரியில் 1888-இல் சில மாதங்கள் படித்தார். நமக்கு நெருக்கமான செய்தி வேறொன்று உண்டு. பாவ்நகரின் கடைசி மன்னர் கிருஷ்ணகுமார்சிங்ஜி 1948 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தார். தற்காலிகமாக அன்றி, நிலையாக அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அவர் ஊர்த் துறைமுகத்தில் மதகுக் கதவு போன்ற ஓர் ஏற்பாடு உண்டு. நீர் ஏறியிருக்கும்போது கப்பலை உள்ளே விட்டுக் கதவை அடைத்துவிடுவார்கள். வெளியே கடல் வற்றிப் போனாலும் உள்ளே கப்பல் மிதந்துகொண்டிருக்கும். கடலுக்குக் கதவு போட்ட துறைமுகத்தை நான் அதுவரை கண்டதில்லை.

பாவ்நகரிலிருந்து சிறிது தொலைவில் கோகா. பழைய துறைமுகம். இவ்வூர் மாலுமிகள் ஒரு காலத்தில் இந்தியப் பெருங்கடல் முழுதும் பேர்பெற்றவர்கள். குஜராத்தியில் ஒரு பழமொழி வழங்குகிறது: இலங்கைப் பெண்ணும் கோகா மாப்பிள்ளையும் என்று. எத்தனை தொலைவு கடந்து வந்த பொருத்தம் என்று வியக்கும்போது சொல்வார்களாம். நம் பக்கத்துக் கடலும் அந்தக் கடலும் சம்பந்தம் பேசிக்கொண்ட காலத்தின் எச்சமாக எனக்கு அந்தப் பழமொழி பட்டது.

நான் போய் நின்றபோது கடல் இல்லை. மிகையாகச் சொல்லவில்லை, கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் பழுப்புச் சேறு. அதன்மேல் படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன, கொட்டிலில் படுத்த எருமைகள் மாதிரி. கயிறுகள் தொய்ந்திருந்தன. நங்கூரத்தின் கொக்கிகள் வெயிலில் காய்ந்தன. தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அதுதான் கடல் என்றார்கள். கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை, அவ்வூர் வழக்கப்படி காகா என்றழைத்து, படகு எத்தனை மணிக்குப் புறப்படும் என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். அவர் நிமிராமலே, "இன்று என்ன திதி, பாய்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "திதியைச் சொன்னால் நான் மணியைச் சொல்வேன்" என்றார்.

அந்த விடையில் அந்தக் கரையின் வாழ்வு முழுவதும் இருந்தது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். ஆகவே இன்று காலை எட்டு மணிக்கு ஏறிய நீர் நாளை காலை எட்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு ஏறும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்தடுத்த நாள்களில் ஏற்றம் பெரிது. அட்டமியை ஒட்டிச் சிறிது. சுவர்க் கடிகாரம் அங்கே பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும்தான். கரையில் வாழ்பவனுக்கு நிலவே கடிகாரம். குஜராத்தியில் ஏற்றத்துக்கு 'பர்தி' என்றும், வற்றத்துக்கு 'ஓட்' என்றும் பெயர். நம் ஓதமும் அவர்கள் ஓட்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தாலும், பொருள் எதிரெதிர். இரண்டுக்கும் உறவு கற்பிக்க நான் முயலமாட்டேன். அந்த வேலைக்கு நம்மிடையே ஆள் பஞ்சமில்லை.

பிற்பகலில் நீர் வந்தது. பேரலை சீறிவரும் என்று எண்ணியிருந்தேன். அப்படியன்று. முதலில் சேற்றில் இருந்த சிறு வாய்க்கால்கள் எதிர்த் திசையில் ஓடத் தொடங்கின. கரையை நோக்கி, மேட்டை நோக்கி. பிறகு அவை ஒன்றோடொன்று கைகோத்தன. நாம் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் சூழ்ந்துவிடும் நீர் அது. சேற்றில் இறங்கியவர்கள் அகப்பட்டுக்கொள்வது இதனால்தான். மாலுமிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி நீர் ஏறிவிடும் என்பது அது. பத்து மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டு மணியில் ஐந்து மீட்டர். நிமிடத்துக்கு நான்கு சென்டிமீட்டர். கரையில் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொண்டு பார்த்தால், நீர் ஏறுவதைக் கண்ணால் காணலாம். நான் கண்டேன். ஒருக்களித்துக் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, கயிறுகள் விறைத்தன. காலையில் நான் நடந்துபோன இடத்தில் ஒரு படகு பாய் விரித்துப் போயிற்று.

அங்கிருந்து தெற்கே கோலியாக் என்னும் சிற்றூர். அதன் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள், ஒரு மேடைமீது, திறந்த வானின்கீழ் ஐந்து சிவலிங்கங்கள் இருக்கின்றன. நிஷ்களங்க மகாதேவர் என்பது பெயர். களங்கம் நீக்கியவர். குருட்சேத்திரப் போரில் உறவினரைக் கொன்ற பாவம் தீரப் பாண்டவர் ஐவரும் அங்கே வழிபட்டதாகத் தலக்கதை. நீர் ஏறும்போது லிங்கங்கள் மூழ்கிவிடும். ஒரு தூணின் தலையும் கொடியும் மட்டுமே நீர்மேல் தெரியும். வற்றும்போது மக்கள் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஈரத்தரையில் நடந்து போகிறார்கள். பாத்ரபத மாதத்து அமாவாசையில் அங்கே பெருவிழா. கடல் மிகப் பெரிதாக ஏறி மிகத் தொலைவாக வற்றும் நாள்களைத் தேர்ந்து விழா வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். நடை சாத்தும் உரிமை அங்கே அர்ச்சகருக்கு இல்லை. கடல் நடை திறக்கிறது; கடல் சாத்துகிறது. நான் போன நாளில், இறந்தவர் சாம்பலைக் கரைக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. மேடையின் விளிம்பில் நின்று, வற்றிப்போய்க்கொண்டிருந்த நீரில் அவர்கள் அதை விட்டார்கள். திரும்பி நடக்கையில், அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்மணி ஒருமுறைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஓதம் தேர்வழியை மறிக்கும் என்ற நெய்தல் செய்தி எனக்கு அந்த நடையில்தான் விளங்கியது. வழி மறையும் என்றால், அதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று பொருள். ஒரு மணி பிந்தினால் அவ்வழி உலகத்திலேயே இல்லை. தோழி சொன்னது சாக்கு மட்டுமன்று.

அடுத்து அலங். இதைப் பற்றிப் பேசாமல் இவ்வளைகுடாவைப் பேசினால் அது அழகுணர்ச்சிக்கு ஆற்றும் தொண்டாகலாம், உண்மைக்கு ஆகாது. பாவ்நகருக்குத் தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் உள்ள இந்தக் கரையில், 1983 முதல் கப்பல்களை உடைக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய கப்பல் உடைக்கும் கரைகளில் ஒன்று. இங்கே ஏன் என்ற கேள்விக்கு விடை ஓதம்தான். வேறிடத்தில் பெரிய கப்பலைத் தரையேற்ற வேண்டுமானால் கோடிக்கணக்கில் செலவிட்டு உலர் துறை கட்டவேண்டும். அலங்கில் அதைக் கடல் இலவசமாகச் செய்கிறது. வயதான கப்பல் வெளியே நங்கூரமிட்டுப் பெரிய ஓதத்துக்குக் காத்திருக்கும். நீர் உச்சத்தை எட்டும் நேரத்தில், பொறியை முழு விசையில் ஓட்டி அதைக் கரையை நோக்கிச் செலுத்துவார்கள். கப்பலோட்டியின் வாழ்நாள் முழுவதும் எதைத் தவிர்க்கக் கற்றானோ, அதை அன்று அவன் வேண்டுமென்றே செய்கிறான். நீர் வற்றியபின் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். ஆட்கள் நடந்துபோய் அதை அறுக்கத் தொடங்கலாம். உடைத்து எடை குறையக் குறைய, அடுத்தடுத்த ஏற்றங்களில் இன்னும் மேலே இழுத்துக்கொள்வார்கள்.

நம் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான விராட் 2020 செப்டம்பரில் இப்படித்தான் இங்கே கரையேற்றப்பட்டது. 1987 முதல் முப்பதாண்டுகள் நம் கொடியைச் சுமந்த கப்பல்; அதற்கு முன் பிரிட்டனுக்கு உழைத்தது. பிரான்சு நாட்டின் கிளமன்சோ என்னும் போர்க்கப்பலை இங்கே அனுப்பியபோது, அதிலிருந்த கல்நார் பற்றிய எதிர்ப்பு வலுத்து, 2006-இல் பாதி வழியில் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக் கப்பலுக்குக் கிடைத்த அந்தக் கவலை, அதுபோன்ற கப்பல்களை அறுத்து வாழும் மனிதர்களுக்குப் பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. ஒடிசாவிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். எண்ணெய்த் தொட்டியில் மிஞ்சிய ஆவி தீப்பற்றியும், மேலிருந்து இரும்புத் தகடு விழுந்தும் எத்தனையோ பேர் மாண்டிருக்கிறார்கள். கப்பல் மறுசுழற்சிக்கான ஹாங்காங் உடன்படிக்கை 2009-இல் எழுதப்பட்டு, 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2019-இல் அதில் சேர்ந்து தனிச்சட்டமும் இயற்றியது. சில முற்றங்களில் தரை கான்கிரீட் ஆகியிருக்கிறது, பயிற்சி தருகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அலங்குக்குப் போகும் சாலையில் இருமருங்கும் கடைகள். கப்பலிலிருந்து எடுத்த கட்டில், பீங்கான் தட்டு, சமையல் பாத்திரம், உயிர்காப்பு மிதவை எல்லாம் விலைக்குக் கிடைக்கும். ஏதோ ஒரு நாட்டு மாலுமி சாப்பிட்ட தட்டு ஒன்று என் கைக்கு வந்தது. வாங்க மனம் வரவில்லை, வைத்துவிட்டேன்.

வளைகுடாவின் தலைப்பகுதிக்குப் போனால் லோத்தல். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 1954-இல் எஸ். ஆர். ராவ் இதைக் கண்டறிந்து, அடுத்த ஆண்டு முதல் அகழ்ந்தார். பிற்காலத்தில் நம் பூம்புகாரின் கடலடி ஆய்வுக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. ஏறத்தாழ 215 மீட்டர் நீளமும் 36 மீட்டர் அகலமும் கொண்ட, சுட்ட செங்கல்லால் ஆன ஒரு தொட்டி அங்கே இருக்கிறது. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தியது. ஓதம் ஏறும்போது ஆற்றின் வழியே கப்பல்கள் இதற்குள் நுழைந்தன, வற்றும்போது நீர் வெளியேறாமல் காக்க மதகு இருந்தது, ஆகவே இது கப்பல் துறை என்றார் ராவ். இல்லை, இது நீர்த்தேக்கமே என்று மறுப்பவர்களும் உண்டு. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களில் சாபர்மதியின் பழைய போக்கைக் கண்டு, துறை என்னும் கருத்துக்கு வலுச் சேர்த்தது. நான் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவன் அல்லேன். ஆனால் பாவ்நகரின் மதகுத் துறையைப் பார்த்துவிட்டு லோத்தலுக்குப் போகிறவனுக்கு, ராவ் சொன்னதை நம்பத் தோன்றும் என்பதை மறைக்கமாட்டேன்.

இவ்விடத்தில் ஒரு கிளைக் கதை. 2001-இல் இந்த வளைகுடாவின் அடியில் ஒரு நகரம் மூழ்கிக் கிடப்பதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஒலியலைக் கருவியால் எடுத்த படங்கள் அதற்கு ஆதாரம். அடியிலிருந்து வாரி எடுத்த மரத்துண்டு ஒன்றன் வயது 9,500 ஆண்டு என்றும் சொல்லப்பட்டது. தொல்லியலார் பலர் ஏற்கவில்லை. நாளுக்கு நான்கு முறை திசை மாறிப் பாயும் நீரில், அடியிலுள்ள பொருள் அவ்விடத்ததுதான் என்று எப்படிச் சொல்வது? ஆறு கொண்டுவந்து போட்டதாக இருக்கலாம். கரையிலிருந்து இழுத்துவந்ததாக இருக்கலாம். மரம் பழையது என்பதால் நகரம் பழையதாகிவிடாது. குமரிக் கண்டம் என்றதும் மெய்சிலிர்க்கும் நமக்கு இந்தக் கேள்வி பயன்படும் என்பதால் சொன்னேன், சினம் வேண்டா.

கம்பாத் நகரமே இன்னொரு பாடம். மார்க்கோ போலோ குறிப்பிட்ட துறைமுகம். 1342-இல் வந்த இபின் பதூதா, கப்பல்கள் வற்றத்தில் சேற்றின்மேல் கிடந்து, ஏற்றத்தில் மிதந்ததைத் தன் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். நான் கோகாவில் கண்டதை அவர் அறுநூற்றைம்பது ஆண்டுக்கும் முன்பே அங்கே கண்டிருக்கிறார். செங்கடலுக்கும் மலாக்காவுக்கும் துணியும் மணியும் போன ஊர் அது. பிறகு சேறு தூர்ந்தது. பெரிய கப்பல்கள் கோகாவில் நிற்க, சரக்கைச் சிறு படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சூரத் முந்திக்கொண்டது. இன்று கம்பாத்தின் கரையில் நின்றால் துறைமுகத்தின் சுவடும் இல்லை. எஞ்சியது அகேட் மணித் தொழில். ஹரப்பா மக்கள் செய்த செவ்வண்ணக் கார்னீலியன் மணிகளின் மரபு, சூளையில் கல்லைச் சுட்டுச் சிவப்பாக்கும் உத்தி உட்பட, அங்கே இன்றும் தொடர்கிறது. கல் தூசியால் நுரையீரல் கெட்டு இளமையிலேயே இறக்கும் தொழிலாளர்களின் வரலாறும் அதனோடு தொடர்கிறது.

நீங்கள் கவனித்திருப்பீர்கள்: இந்தக் கரையின் ஊர்களைக் கடல் அடித்துக்கொண்டு போகவில்லை. அங்கே ஓதத்தைவிட, ஓதம் சுமந்துவரும் சேறே வலியது. சாபர்மதி, மகி, நர்மதை, தபதி என்னும் ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து போடுகின்றன; ஓதம் அதைக் கலக்கி, முன்னும் பின்னும் இழுத்து, எங்கே தேங்குகிறதோ அங்கே படியவிடுகிறது. மிக அண்மையில்கூட இது நடந்தது. கோகாவிலிருந்து எதிர்க்கரையிலுள்ள தஹேஜுக்குப் படகுப் போக்குவரத்தை 2017-இல் விமரிசையாகத் தொடங்கினார்கள். தஹேஜ் முனையில் சேறு படிந்து படிந்து சில ஆண்டுகளிலேயே அது நின்றது. 2020-இல் கோகாவுக்கும் சூரத்தை அடுத்த ஹசீராவுக்கும் என்று வழியை மாற்றிக்கொண்டார்கள்.

எதிர்க்கரையில், நர்மதை கடலோடு சேருமிடத்துக்குச் சற்று மேலே, பரூச். வடநூலார் பிருகுகச்சம் என்றதும், யவனர் பாருகாசா என்றதும் இதுவே. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகன் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூலை நாம் முசிறிக்காகவும் கொற்கைக்காகவும் புரட்டுகிறோம். நம் கரைக்கு வரும்போது அவன் குமரியில் நீராடுவோரைச் சொல்கிறான், கொற்கையில் முத்துக் குளிப்பதைச் சொல்கிறான். நீரால் வரும் ஆபத்தைப் பெரிதாகச் சொல்வதில்லை. பாருகாசாவுக்கு வரும்போது மட்டும் அவன் எழுத்தில் அச்சம் தெரிகிறது. இந்தியா முழுவதும் ஓதம் உண்டு, ஆனால் இங்கே அது மிகப் பெரிது என்கிறான். கடலின் அடித்தரை திடீரென்று வெளிப்படுவதையும், சற்றுமுன் கப்பல் ஓடிய இடம் நிலமாவதையும், அமாவாசை இரவில் தொலைவிலிருந்தே படையின் ஆரவாரம் போல் ஓசை கேட்பதையும் விவரிக்கிறான். எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது இன்னொரு செய்தி. அரசனின் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள், திராப்பகா, கோட்டிம்பா என்ற பெரும்படகுகளில், சௌராட்டிரக் கரை வரை எதிர்கொண்டு போய், அயல்நாட்டுக் கப்பல்களுக்கு வழிகாட்டி அழைத்து வந்தார்களாம். ஏற்றத்தில் இழுத்துச் செல்வது, வற்றத் தொடங்கியதும் ஆழமான மடுக்களில் நிறுத்திக் காத்திருப்பது, அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் இழுப்பது. இப்படி மடுவுக்கு மடுவாகப் பரூச் வரை கொண்டுவந்தார்கள். உரோமப் பொன் இந்நாட்டுக்குள் வந்த வழிகளில் ஒன்று, பெயர் தெரியாத அம்மீனவர்களின் திதிக் கணக்கை நம்பி இருந்தது.

அவர்கள் தொழிலைச் செய்யும் மக்கள் இன்றும் பரூச்சில் உண்டு. மழைக்காலத்தில் கடலிலிருந்து நர்மதைக்குள் ஏறி முட்டையிடும் ஹில்சா மீன், வங்காளிகள் இலீஷ் என்று கொண்டாடும் அதே மீன், அவர்களின் ஆண்டு வருமானம். ஆற்றின் நன்னீர் பெருகி வந்தால்தான் அது ஏறும். மேலே 2017-இல் நிறைவுற்ற சர்தார் சரோவர் அணை நீரைத் தேக்கியது. கழிமுகத்தில் உப்பு ஏறியது, மீன் குறைந்தது. உப்பைத் தடுக்கப் பரூச்சுக்குக் கீழே பாட்பூத் கிராமத்தருகே ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணைத் திட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். உழவருக்கு அதனால் நன்மை உண்டு. கிணற்றில் உப்பு ஏறிய ஊர்களின் துன்பத்தை நானும் கண்டேன். ஆனால் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே சுவர் வந்தபின், மீன் எவ்வழி ஏறும் என்று கேட்கும் மீனவர்களுக்கு என்ன விடை சொல்வது?

இதையும் விஞ்சும் திட்டம் ஒன்று பல ஆண்டுகளாக ஏட்டில் இருக்கிறது. கல்பசர் என்பது பெயர். வளைகுடாவின் குறுக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு அணை கட்டி, மேற்பகுதி முழுவதையும் நன்னீர் ஏரியாக்குவது நோக்கம். 1980-களில் எழுந்த எண்ணம். அறிக்கைமேல் அறிக்கையாக வந்துகொண்டிருக்கிறது. சௌராட்டிரத்தின் தாகம் பொய்யன்று. தண்ணீருக்குக் குடமேந்தி நிற்பவரிடம் போய் ஓதத்தின் அழகைப் பேச எனக்கு நா எழாது. என் ஐயம் அழகு பற்றியதன்று. லோத்தலைத் தூர்த்த சேறு, கம்பாத்தைத் தூர்த்த சேறு, நாம் திறந்துவைத்த படகுத் துறையை மூன்றே ஆண்டில் தூர்த்த சேறு, அந்த ஏரிக்குள் வந்தால் எங்கே போகும்? இன்று ஓதம் அதை நாளுக்கு நான்கு முறை கலக்கி எடுக்கிறது. அணைக்கு அப்பால் அதைக் கலக்க யாரும் இல்லை. இக்கேள்வியைப் பரூச்சில் ஒரு படகுக்காரரிடம் கேட்டேன். அவர் அணையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்போது அமாவாசைக்கு என்ன வேலை?" என்று மட்டும் கேட்டார். அவர் மகன் தஹேஜில் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கிறான். காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று அவனுக்கு நேரம் மாறாது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையும் இருந்தது.

பேச எனக்களித்த நேரம் முடிந்துவிட்டது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் திதி பார்ப்பவர் அல்லர்.